வீட்டில் பார்த்த படங்களுக்கு விமர்சனம் எழுதிப் பகிர்தல்: குமரி மாவட்ட நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் வட்டாரங்களில், வீட்டுத் தொலைக்காட்சியிலோ கைபேசியிலோ பார்த்த படத்தைப் பற்றி நாலு வரி எழுதி நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் அனுப்பும் பழக்கம் பரவலாகியிருக்கிறது. எழுதுகிறவர்கள் ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், பணி ஓய்வு பெற்றவர்கள், கல்லூரி மாணவர்கள், வீட்டைக் கவனித்துக்கொள்பவர்கள்; எவரும் தொழில்முறை விமர்சகர்கள் அல்லர். அவர்கள் கேட்கும் கேள்விகளும், அவற்றுக்கு எங்களால் இயன்ற பதில்களும் இங்கே தரப்பட்டுள்ளன.

திரையரங்கில் ஓடி முடிந்த படத்துக்கு நான் எழுதும் விமர்சனம் இனி யாருக்குப் பயன்படும்?

தமிழ்ப் படங்கள் பலவும் வெளியாகி நான்கு வாரம் அளவில் ஓடிடி தளங்களுக்கு வந்துவிடுகின்றன. முதல் நாள் விமர்சனம் எழுதுகிறவர், சீட்டுக்கும் வண்டி நிறுத்தத்துக்கும் காசு கொடுத்துப் போகலாமா என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறார். நீங்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி வேறு. இரவுச் சாப்பாடு முடிந்து, பிள்ளைகள் படித்து முடித்து, வீட்டில் நால்வர் ஒன்றாக உட்காரும் அந்த இரண்டரை மணி நேரத்தை எந்தப் படத்துக்குக் கொடுப்பது என்று தெரியாமல் பட்டியலை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருப்பவருக்கு உங்கள் வரிகள் உதவும். வடசேரிச் சந்தைக்குப் போய்வந்தவர், இன்றைக்கு வெண்டைக்காய் முற்றல், கத்தரிக்காய் பரவாயில்லை என்று பக்கத்து வீட்டில் சொல்வதைப் போன்ற காரியம் இது. அவர் சொல்வதை நம்புகிறோம் என்றால், அவர் காய்கறி வல்லுநர் என்பதால் அன்று. அவரை நமக்குத் தெரியும், அவர் வாங்கிவந்த பையையும் பார்த்திருக்கிறோம் என்பதால்தான்.

இன்னொரு வசதியும் உங்களுக்கு இருக்கிறது. ஒரு காட்சி புரியவில்லை என்றால் பின்னால் நகர்த்தி மறுபடி பார்க்கலாம். முதல் காட்சி முடிந்து வாசலில் நின்று கருத்துச் சொல்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே அவசரமாக எழுத வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை; ஓர் இரவு உறங்கி எழுந்து, மறுநாளும் நினைவில் நிற்பதை மட்டும் எழுதினாலே பாதிப் பதர் போய்விடும்.

விமர்சனத்தின் தொடக்கத்தில் என்ன சொல்ல வேண்டும்?

எந்தப் படம், எந்த மொழி, யார் இயக்கியது என்பதற்கு அடுத்தபடியாக, எப்படிப் பார்த்தீர்கள் என்பதைச் சொல்ல வேண்டும். இதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். வீட்டில் பார்க்கும் படம் வீட்டுக்கு வீடு வேறுபடும். ஒருவர் குறை சொல்வது படத்தையா, தம் வீட்டுப் பெட்டியையா என்று படிக்கிறவருக்குத் தெரிய வேண்டும்.

ஒலியை எடுத்துக்கொள்ளுங்கள். "பேச்சே கேட்கவில்லை, பாட்டு வந்தால் காது கிழிகிறது" என்று பலர் எழுதுகிறார்கள். திரையரங்குக்கென 5.1 முறையில் கலக்கப்பட்ட ஒலியில் பேச்சு பெரும்பாலும் நடு ஒலிபெருக்கிக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். சுவரில் மாட்டிய மெல்லிய தொலைக்காட்சியின் இரண்டு சிறிய ஒலிபெருக்கிகள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டும்போது, பேச்சு அமுங்கிப்போவது இயல்பு. ஹெட்போனில் ஒருமுறை கேட்டுப் பார்த்துவிட்டு அந்த வரியை எழுதுங்கள். அதைப்போலவே, பெரிய பட்ஜெட் படம் "சீரியல் போல இருக்கிறது" என்று தோன்றினால், தொலைக்காட்சியின் அமைப்புகளில் அசைவை மென்மையாக்கும் வசதி இயங்குகிறதா என்று பாருங்கள். திரைப்படம் விநாடிக்கு 24 சட்டகங்களாக (பிரேம்களாக) எடுக்கப்படுகிறது. இடையில் இல்லாத சட்டகங்களைப் பெட்டியே உண்டாக்கி நிரப்பும்போது அந்தச் சீரியல் தோற்றம் வந்துவிடுகிறது. அந்த வசதியை நிறுத்திவிட்டால் ஒளிப்பதிவாளர் பிழைத்துக்கொள்வார்.

கைபேசியில் பார்த்திருந்தால் அதையும் மறைக்க வேண்டியதில்லை. எச்டி தரத்தில் ஒரு மணி நேரம் பார்ப்பதற்கு ஏறக்குறைய 3 ஜிபி வரை செலவாகும். நாளொன்றுக்கு ஒன்றரை அல்லது இரண்டு ஜிபி கிடைக்கும் திட்டத்தில் ஒரு முழுப் படம் அடங்காது. எனவே பலர் தரத்தைக் குறைத்தோ, இரண்டு மூன்று நாட்களாகப் பிரித்தோ பார்க்கிறார்கள். ஆனி, ஆடி மாதங்களிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இரண்டு பருவமழைகளையும் வாங்கிக்கொள்ளும் மாவட்டத்தில் மின்சாரமும் இணையமும் நடுவில் போவது புதிதன்று. தமிழ்ப் படங்கள் இன்றும் இடைவேளையை மையமாக வைத்துக் கட்டப்படுகின்றன. முதல் பாதியில் மெல்ல ஏற்றிய பதற்றத்தை அந்த ஒரு காட்சியில்தான் இறக்கிவைக்கிறார்கள். அந்தக் காட்சிக்குப் பத்து நிமிடம் முன்பு மின்சாரம் போய், மிச்சத்தை மறுநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டே பார்த்தவர், "இடைவேளைக் காட்சி எடுபடவில்லை" என்று எழுதினால், அதில் இயக்குநரின் பங்கு எவ்வளவு, மின்மாற்றியின் பங்கு எவ்வளவு என்று எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. "மூன்று தவணையாகப் பார்த்தேன்" என்ற மூன்று சொற்கள் போதும்; படிக்கிறவர் கணக்குப் போட்டுக்கொள்வார். வேகத்தைக் கூட்டி ஒன்றரை மடங்கில் பார்த்தவர்கள் மட்டும் அந்தப் படத்தின் விறுவிறுப்பைப் பற்றி எதுவும் எழுதாமல் இருப்பது நல்லது.

தொலைக்காட்சியில் ஒளிபரப்பான படத்தைப் பார்த்து எழுதலாமா?

எழுதலாம், ஆனால் தொலைக்காட்சியில் பார்த்ததாகக் குறிப்பிடுங்கள். 'ஏ' சான்றிதழ் பெற்ற படத்தை அப்படியே ஒளிபரப்ப அனுமதி இல்லை என்பதால், வெட்டித் திருத்தி மறுசான்றிதழ் பெற்ற வடிவம்தான் வீட்டுக்கு வருகிறது. நாயகன் ஏன் திடீரென்று கட்டுப்போட்ட கையோடு வருகிறான் என்பது உங்களுக்குப் புரியாமல் போனால், அடிபட்ட காட்சி வெட்டுப்பட்டிருக்கக்கூடும். விளம்பரங்களுக்கு இடம்விட நீளம் குறைக்கப்படுவதும் உண்டு.

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் இன்னொரு சிக்கல் வருகிறது. அவை ஏறத்தாழச் சதுரத்தை ஒட்டிய சட்டகத்தில் எடுக்கப்பட்டவை. அகலத் திரையை நிரப்புவதற்காகச் சில நேரம் படத்தை இழுத்து விரிக்கிறார்கள். சில நேரம் மேலும் கீழும் வெட்டுகிறார்கள். நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனின் முகம் வழக்கத்துக்கு மாறாக அகலமாகத் தெரிந்தால், பெட்டியில் பட அளவை 4:3 என்று மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள். அவருடைய நகைச்சுவையில் பாதி உடலசைவில் இருக்கிறது. கால்கள் வெட்டுப்பட்ட சட்டகத்தில் அதைக் காண முடியாது.

"படம் இழுவை", "நடிப்பு அருமை" என்பதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. என்ன செய்வது?

அந்த வரிகள் பொய் அல்ல. உங்களுக்கு அப்படித்தான் தோன்றியிருக்கிறது. ஆனால் அவை நீங்கள் அடைந்த முடிவைச் சொல்கின்றனவே தவிர, அந்த முடிவுக்கு உங்களைக் கொண்டுபோன காட்சியைச் சொல்லவில்லை. படிக்கிறவருக்கு வேண்டியது அந்தக் காட்சிதான்.

கற்பனையாக ஒரு படத்தை வைத்துக்கொள்வோம். "இரண்டாம் பாதி இழுவை" என்று எழுதிவிட்டீர்கள். எந்த இடத்தில் கைபேசியை எடுத்தீர்கள் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். பதில் இப்படி வரலாம்: "இடைவேளைக்குப் பிறகு நாயகன் தம்பியைத் தேடி மூன்று ஊர்களுக்குப் போகிறான். மூன்று ஊரிலும் கிடைப்பது ஒரே செய்திதான். மூன்றாவது ஊர்க்காரர் வாயைத் திறக்கும் முன்பே, அவர் சொல்லப்போவதை என் மனைவி சொல்லிவிட்டார்." இப்போது இழுவை என்ற சொல்லே தேவைப்படவில்லை. அதோடு, தேடிப்போகும் கதைகளை விரும்புகிற ஒருவர் இதைப் படித்துவிட்டு, பரவாயில்லை, பார்க்கலாம் என்றும் முடிவு செய்யலாம். உங்கள் கருத்தை அவர் ஏற்காவிட்டாலும் உங்கள் விமர்சனம் அவருக்குப் பயன்பட்டுவிட்டது.

நடிப்புக்கும் இதே வழிதான். "அம்மாவாக நடித்தவர் அசத்திவிட்டார்" என்பதற்குப் பதிலாக, "மருத்துவமனைக் காட்சியில் அவர் அழவில்லை, கட்டிலின் ஓரத்தில் தொங்கிய போர்வையை மடித்து மெத்தைக்கு அடியில் சொருகிக்கொண்டே இருந்தார்" என்று எழுதிப் பாருங்கள். இதற்குச் சினிமாக் கல்வி எதுவும் வேண்டாம். பார்க்கும்போது கண்ணில் பட்டதை மறக்காமல் இருந்தால் போதும். மறந்துவிடுவோம் என்று பயப்படுபவர்கள், கதைமாந்தரின் பெயரையும் இரண்டு சொல் குறிப்பையும் ஒரு தாளில் கிறுக்கி வைத்துக்கொள்ளலாம்.

தொழில்முறை விமர்சகர்களின் சொற்களை இரவல் வாங்குவதை மட்டும் தவிருங்கள். "திரைக்கதையில் தொய்வு", "படத்தொகுப்பு கச்சிதம்", "பின்னணி இசை படத்துக்குப் பலம்" என்ற மூன்று வரிகளையும் எந்தப் படத்துக்கு வேண்டுமானாலும் ஒட்டலாம், ஒட்டியும் இருக்கிறார்கள்.

கதையை எதுவரை சொல்லலாம்?

முன்னோட்டத்தில் தெரிகிற அளவுக்கும், முதல் அரை மணி நேரத்தில் நடப்பதற்கும் தடை இல்லை. அதற்கு மேல் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், "இனிமேல் கதையின் முடிச்சு வருகிறது" என்று ஒரு வரி போட்டு, சில வரிகள் இடைவெளி விட்டு எழுதுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் செய்தியின் முதல் சில வரிகள் கைபேசியின் அறிவிப்பிலேயே தெரிந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். கொலைகாரரின் பெயரை முதல் வரியில் போட்ட சித்தப்பாவோடு இரண்டு நாள் பேசாமல் இருந்த வீடுகள் உண்டு.

மலையாளப் படங்களைப் பற்றி எழுதும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

நம் மாவட்டத்தார் எழுதுவதில் மற்றவர்களால் எளிதில் எழுத முடியாத பகுதி இதுதான் என்று நாங்கள் கருதுகிறோம். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த பகுதி இது. விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் பலருக்கு மலையாளம் வீட்டிலேயே கேட்டு வளர்ந்த மொழி. அகஸ்தீஸ்வரம், தோவாளை பக்கத்தில் அந்த அளவுக்கு இல்லை. ஆகவே ஒரே குழுவில், மூலத்தில் பார்ப்பவரும் தமிழ் மொழிமாற்றத்தில் பார்ப்பவரும் அருகருகே இருக்கிறார்கள். எந்த மொழி ஒலியில் பார்த்தீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை என்றால், இரண்டு பேரும் இரண்டு வேறு படங்களைப் பற்றிச் சண்டையிட்டுக்கொண்டிருப்பார்கள்.

மலையாளப் படங்களில் வட்டார வழக்குக்குப் பெரிய பங்கு உண்டு. திருச்சூர்க்காரர், கோழிக்கோட்டுக்காரர், திருவனந்தபுரத்துக்காரர் என்று ஒரு பாத்திரத்தின் ஊர், படிப்பு, வசதி எல்லாம் வாயைத் திறந்ததும் தெரிந்துவிடும். நகைச்சுவையும் அதன்மேல்தான் நிற்கும். தமிழ் மொழிமாற்றத்தில் எல்லோரும் ஒரே பொதுத் தமிழையோ சென்னைத் தமிழையோ பேசும்போது அந்த அடுக்கு முழுவதும் காணாமல் போகிறது. நெய்யாற்றின்கரைப் பேச்சைப் பாறசாலையிலும் களியக்காவிளையிலும் அன்றாடம் கேட்கும் ஒருவர், இந்தப் பாத்திரம் மூலத்தில் ஏன் சிரிப்பை வரவழைக்கிறது, தமிழில் ஏன் வரவழைக்கவில்லை என்று நாலு வரியில் விளக்க முடியும். அந்த நாலு வரிகள் சென்னையிலிருந்து வெளிவரும் விமர்சனங்களில் கிடைக்காது.

அதேபோல, மலையாளம் தெரியாதவர்களுக்கு மூலத்தையே பாருங்கள் என்று அறிவுரை சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். மொழிமாற்றம் தாங்கும்படி இருக்கிறதா, பாட்டுகளை மாற்றிவிட்டார்களா, வசன வரிகளை வைத்துக்கொண்டு பார்த்தால் பேச்சின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியுமா என்பவையே அவர்களுக்குத் தெரிய வேண்டியவை. கண்ணாடி போட்டாலும் சிறிய எழுத்தைப் படிக்கச் சிரமப்படுகிற பாட்டாவும் ஆச்சியும் இருக்கிற வீட்டில், வசன வரியோடு பாருங்கள் என்பது பார்க்காதீர்கள் என்று சொல்வதற்குச் சமம்.

நம் ஊரில் எடுக்கப்பட்ட படம் என்றால் அதைச் சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம், ஆனால் ஒருமுறை சொன்னால் போதும். 'மணிச்சித்திரத்தாழ்' (1993) படத்தில் திருப்பூணித்துறை ஹில் பேலஸோடு பத்மநாபபுரம் அரண்மனையும் இடம்பெற்றிருக்கிறது. தக்கலைக்காரர் ஒருவர் அதற்கு எழுதிய நீண்ட விமர்சனத்தில் முக்கால் பங்கு எந்தக் காட்சி எந்த மண்டபத்தில் எடுக்கப்பட்டது என்பதாகவே இருந்தது. படிக்கச் சுவையாகத்தான் இருந்தது, ஆனால் படத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. இரண்டு அரண்மனைகளையும் ஒரே வீடாக நம்ப வைக்கும்படி காட்சிகளை எப்படி இணைத்தார்கள் என்று அவர் எழுதியிருந்தால், அந்த இடம் தெரிந்த அவரால் மட்டுமே எழுதக்கூடிய விமர்சனமாக அது ஆகியிருக்கும். முட்டம் கடற்கரையில் எடுத்த படங்களைப் பற்றி எழுதுகிறவர்களுக்கும் இதுவே பொருந்தும். அந்தப் பாறையில் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்பது நினைவுக் குறிப்பு. அந்தப் பாறையைப் படம் எதற்குப் பயன்படுத்திக்கொண்டது என்று சொன்னால் அது விமர்சனம்.

படத்தில் எங்கள் தொழிலைத் தவறாகக் காட்டியிருக்கிறார்கள். அதைக் குறிப்பிடுவது குற்றம் காண்பதாகுமா?

ஆகாது. ரப்பர் மரத்தில் பால் வெட்டுவது விடியலை ஒட்டிய வேலை. வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும். குலசேகரம், அருமனைப் பக்கம் வளர்ந்த ஒருவர், உச்சி வெயிலில் நாயகி பால் வெட்டும் காட்சியைக் கண்டு சிரிப்பது நியாயம். தூத்தூர் பகுதி மீனவர்கள் ஆழ்கடலில் நாட்கணக்காகத் தங்கித் தூண்டில் போட்டுச் சுறா பிடிப்பதில் பெயர் பெற்றவர்கள். அவர்களைப் பற்றிய கதையில், காலையில் கிளம்பிய படகு சாயங்காலமே சுறாவோடு திரும்பினால், அங்கிருந்து எழுதுகிறவர் சுட்டிக்காட்டத்தான் வேண்டும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்தப் பிழை கதையைக் கெடுக்கிறதா? வெயிலில் பால் வெட்டுவது ஒரு பாட்டில் வரும் அரை நிமிடக் காட்சி என்றால் ஒரு வரியில் கடந்துவிடலாம். ஆழ்கடலில் கணவன் மாதக்கணக்கில் இல்லாத தனிமையைப் பற்றிய கதையில் அவன் தினமும் வீடு திரும்புகிறான் என்றால், கதையின் அடித்தளமே போய்விட்டது. அங்கே நீங்கள் எவ்வளவு விரிவாக எழுதினாலும் தகும்.

மதிப்பெண் போட வேண்டுமா?

எங்களுக்கு அதில் ஆர்வம் இல்லை. போட்டே ஆக வேண்டும் என்பவர்கள் கஞ்சத்தனமாகப் போடுங்கள். நூற்றுக்கு மதிப்பெண் போடும் வழக்கம் கொண்ட ஆனந்த விகடன், பெரிதும் கொண்டாடப்பட்ட 'பதினாறு வயதினிலே' (1977) படத்துக்கே 62.5 தான் வழங்கியது. இன்று குழுக்களில் வாரத்துக்கு நான்கு படங்கள் ஐந்துக்கு நாலரை வாங்குகின்றன.

பிள்ளைகளோடு பார்க்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். எப்படிப் பதில் சொல்வது?

வீட்டில் பார்ப்பவர்களுக்கு இதைவிட முக்கியமான கேள்வி வேறில்லை; எனவே கேட்கும்வரை காத்திருக்காமல் விமர்சனத்திலேயே ஒரு பத்தியை இதற்கு ஒதுக்குங்கள். தணிக்கைச் சான்றிதழில் முன்பு யு/ஏ என்ற ஒரே பிரிவாக இருந்தது, 2023-ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுத் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு 7 வயது, 13 வயது, 16 வயது என மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஓடிடி தளங்களும் 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி இதே வயதுப் பிரிவுகளைக் காட்டுகின்றன. அந்த எண்ணைக் குறிப்பிடுங்கள், ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். ஒரு வீட்டில் ரத்தம் பிரச்சினை, இன்னொரு வீட்டில் கெட்ட வார்த்தை, மற்றொரு வீட்டில் பேய்.

"குடும்பத்தோடு பார்க்க முடியாது" என்று தீர்ப்பு எழுதாமல், என்ன இருக்கிறது என்பதைச் சொல்லுங்கள். நாய் ஒன்று கொல்லப்படும் காட்சி ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழிந்தபின் வருகிறது, குடித்துவிட்டு மனைவியை அடிக்கும் காட்சி இரண்டு இடங்களில் நீளமாக இருக்கிறது, முத்தக் காட்சி ஒன்று உண்டு என்ற அளவில் சொன்னால், அவரவர் வீட்டுக்கு ஏற்றபடி அவரவர் முடிவு செய்துகொள்வார்கள். தற்கொலை, பாலியல் வன்முறை ஆகியவை படத்தில் இருந்தால், முடிச்சு அவிழ்ந்துவிடும் என்ற கவலைக்கு இடம் கொடுக்காமல், முன்கூட்டியே தெரிவித்துவிடுவது நல்லது. படிக்கிறவர்களில் யாருடைய வீட்டில் என்ன நடந்திருக்கிறது என்பது நமக்குத் தெரியாது.

டெலிகிராமில் வந்த பிரதியைப் பார்த்து எழுதலாமா?

கூடாது. திரையரங்கில் கள்ளத்தனமாகப் படம்பிடிப்பதும் அதைப் பரப்புவதும் மேற்சொன்ன 2023 திருத்தத்தின்படி மூன்று மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், மூன்று லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்கத்தக்க குற்றம். அந்தப் பிரதியின் இணைப்பை விமர்சனத்தோடு சேர்த்து அனுப்புகிறவர் நண்பர்களுக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு தம்மையும் குழுவையும் சிக்கலில் மாட்டுகிறார். சட்டத்தை விடுங்கள், முன்வரிசைக்காரரின் தலையும் விசிலும் சேர்ந்த பிரதியைப் பார்த்துவிட்டு ஒளிப்பதிவைப் பற்றி ஒருவர் என்னதான் எழுத முடியும்?

விமர்சனத்தோடு காட்சித் துண்டுகளைச் சேர்க்கலாமா?

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, விமர்சனத்துக்காகவும் மதிப்புரைக்காகவும் ஒரு படைப்பை நியாயமான முறையில் கையாள்வதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. ஆனால் "30 விநாடி வரை போடலாம்" என்று பலர் நம்பும் கணக்கு எதுவும் சட்டத்தில் இல்லை. எடுத்தது எவ்வளவு, எதற்காக எடுத்தது என்பதைப் பொறுத்தே நியாயம் தீர்மானிக்கப்படும். ஒரு காட்சியைப் பற்றி நீங்கள் ஏதாவது சொல்வதற்காக அதன் சிறு துண்டைக் காட்டுவது வேறு. உச்சக்கட்டச் சண்டையை ஸ்டேட்டஸில் வைத்துவிட்டு "தெறி" என்று எழுதுவது வேறு. பெரும்பாலான ஓடிடி செயலிகள் திரைப்பிடிப்பு எடுக்க விடுவதில்லை, கறுப்பாகத்தான் பதிவாகும். படக்குழு வெளியிட்ட சுவரொட்டியும் முன்னோட்ட இணைப்பும் போதுமானவை.

கடுமையாக எழுதினால் வழக்கு வருமா?

படைப்பைக் குறை சொல்வதற்கும் மனிதரைப் பழிப்பதற்கும் இடையிலான கோட்டைத் தாண்டாதவரை அஞ்ச வேண்டியதில்லை. அவதூறு பற்றிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499-ஆவது பிரிவிலும், அதன் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவிலும், பொதுமக்களின் மதிப்பீட்டுக்கென முன்வைக்கப்பட்ட படைப்பின் தகுதியைப் பற்றி நல்லெண்ணத்தோடு கருத்துச் சொல்வது விதிவிலக்காகவே வைக்கப்பட்டிருக்கிறது. படம் வெளியாகி முதல் மூன்று நாட்களுக்கு விமர்சனங்களைத் தடுக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் தரப்பு 2024 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகியபோதும், நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்துவிட்டது.

நாயகியின் நடிப்பு மரம்போல இருந்தது என்று எழுதலாம். அவருக்கு வாய்ப்பு எப்படிக் கிடைத்தது என்று ஊகம் எழுதினால் அது விமர்சனம் இல்லை; நல்லெண்ணம் என்ற பாதுகாப்பும் அங்கே துணைக்கு வராது. நடிகர்களின் உடல், நிறம், வயது ஆகியவற்றைக் கேலி செய்யும் வரிகளையும் நாங்கள் மேற்கொண்டு அனுப்புவதில்லை.

மதமும் சாதியும் பேசுபொருளாக உள்ள படங்களைப் பற்றி எழுதலாமா?

எழுத வேண்டும்; அவற்றை ஒதுக்கிவைத்தால் நல்ல படங்கள் பலவற்றை ஒதுக்க நேரிடும். ஆனால் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் இஸ்லாமியர்களும் ஒரே தெருவில் வசிக்கும் மாவட்டம் இது. 1982-இல் மண்டைக்காட்டில் நடந்த மதக் கலவரத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். படம் ஒரு சமூகத்தை எப்படிச் சித்திரிக்கிறது என்று எழுதுங்கள், அந்தச் சித்திரிப்பு பொய் என்றால் எங்கே பொய் என்று காட்டுங்கள். அதிலிருந்து, அந்தச் சமூகமே அப்படித்தான் என்று ஒரு வரி நீளுமானால், அந்த வரியை அழித்துவிட்டு அனுப்புங்கள். வேறு குழுவிலிருந்து முன்னனுப்பப்பட்ட கொதிப்பான கருத்துகளை விமர்சனம் என்ற பெயரில் அனுப்புவதை அறவே தவிர்க்க வேண்டும். அவற்றை எழுதியவர்களில் பலர் படத்தைப் பார்த்தே இருக்க மாட்டார்கள்.

படக்குழுவினரில் ஒருவர் எனக்குத் தெரிந்தவர். எழுதலாமா?

முதல் வரியிலேயே அதைச் சொல்லிவிட்டு எழுதுங்கள். பணமோ பரிசோ பெற்றுக்கொண்டு எழுதினால், அதை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என்பதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2022-இல் வந்த வழிகாட்டு நெறிமுறைகளும் வலியுறுத்துகின்றன. உறவுக்காரப் பையன் துணை இயக்குநராக வேலை செய்த படம் சுமாராக இருந்தால், அவனுக்குத் தனியாகச் சொல்லிவிட்டுப் பொதுவில் எழுதாமல் இருப்பதிலும் தவறில்லை.

எழுத வராத பெரியவர்களின் கருத்தை எப்படிச் சேர்ப்பது?

இரண்டு நிமிடக் குரல் பதிவாக வாங்குங்கள். எழுத்தில் பெயர்க்கிறவர்கள் அவர்களுடைய பேச்சைத் திருத்தி மேடைத் தமிழாக்கிவிடக் கூடாது. "அவன் அழுதான் மக்ளே, எனக்குக் கண்ணீரு வரல்ல" என்று எழுபது வயதுக்காரர் சொன்னதை, "உணர்ச்சிகரமான காட்சிகள் போதிய தாக்கத்தை ஏற்படுத்தவில்லை" என்று மாற்றி எழுதியதைப் பார்த்திருக்கிறோம். முதல் வரியைப் படித்தவருக்கு அந்த நடிகரைப் பற்றி எல்லாம் தெரிந்துவிடும்.

பழைய படங்களை ஒளிபரப்பும் நாட்களில் இவர்களிடம் அவசியம் கேளுங்கள். அந்தப் படத்தை முதல் வெளியீட்டில் கொட்டகையில் தரை டிக்கெட்டில் பார்த்தவர்கள், எந்த இடத்தில் கூட்டம் கைதட்டியது, எந்தப் பாட்டுக்கு எழுந்து வெளியே போனார்கள் என்பதைச் சொல்லக்கூடியவர்கள். வீட்டில் தனியாகப் பார்க்கும் நமக்கு அந்தத் தகவல் வேறு எங்கும் கிடைக்காது.

ஏஐ செயலியிடம் சொல்லி விமர்சனத்தை எழுதி வாங்கலாமா?

எழுத்துப்பிழை திருத்த அதைப் பயன்படுத்துவதில் எங்களுக்கு மறுப்பு இல்லை. ஆனால் உங்கள் வீட்டில் உங்களோடு உட்கார்ந்து அது படம் பார்க்கவில்லை. அது எழுதித் தருவது ஏற்கெனவே வெளிவந்த கருத்துகளின் சாரமாகவே இருக்கும். சில நேரம் படத்தில் இல்லாத காட்சியும் அதில் வந்துவிடும். நாலு வரியானாலும், பிழையோடு இருந்தாலும், நீங்களே எழுதியதை அனுப்புங்கள்.

முன்பு எழுதிய கருத்து இரண்டாம் முறை பார்த்தபோது மாறிவிட்டது. பழையதை அழித்துவிடலாமா?

அழிக்க வேண்டாம். பழையதை இருந்தபடியே விட்டுவிட்டு, எதைப் பார்த்ததனால் மாறியது என்று புதிதாக ஒரு பத்தி எழுதிச் சேருங்கள். முதல்முறை கைபேசியில் பார்த்து இரண்டாம் முறை பெரிய திரையில் பார்த்திருந்தால், அதையும் மறவாமல் குறிப்பிடுங்கள்.